ஊருணிக் கரைக்கு நிழல்

(பண்ணை வானொலிப் பேச்சு)



நெல்லுக்கு மேலுரம் எப்போது இடுவது, நிலக்கடலைக்கு ஜிப்சம் எவ்வளவு போடுவது என்று இந்த நேரத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய பேச்சு கொஞ்சம் புதிதாகப் படலாம். மர நிழலைப் பற்றியும், நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்காலைப் பற்றியும், வெளியூரிலிருந்து வந்து போகிற விருந்தாளிகளைப் பற்றியும் பேசப் போகிறேன். கேட்பதற்கு மூன்றும் மூன்று சங்கதி மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளையார்பட்டி மாதிரி ஒரு சின்ன ஊரில் இந்த மூன்றும் ஒரே ஊருணிக் கரையில் வந்து சேருகின்றன. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளையார்பட்டி நம் எல்லாருக்கும் தெரிந்த ஊர். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில், சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது. குன்றைக் குடைந்து எடுத்த பழைய குடைவரைக் கோயில். இரண்டு கையோடு வலம்புரியாக உட்கார்ந்திருக்கிற கற்பக விநாயகரைக் கும்பிட வருசம் முழுக்க ஜனம் வருகிறது. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் இதுவும் ஒன்று. இவ்வளவும் ஊரறிந்த செய்தி. ஆனால் இந்த ஊருக்கு மருதங்குடி என்று ஒரு பழைய பெயர் உண்டு. கோயிலின் தல மரமும் மருதம்தான். ஒரு வேளாண்மை அலுவலருக்கு இது முக்கியமான செய்தியாகப் படுகிறது. மருத மரம் எங்கே வளரும்? ஆற்றங்கரையில், கண்மாய்க் கரையில், காலில் ஈரம் படுகிற இடத்தில் வளரும். நம்முடையதோ செம்புரான்கல் பூமி. பெரிய ஆறு கிடையாது. இங்கே மருதத்தின் பேரைச் சொல்லி ஒரு குடி இருந்திருக்கிறது என்றால், பெய்த மழையைத் தேக்கி வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக் கொள்கிறேன்.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். பெரிய வீடுகளின் ஓட்டுக் கூரையில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கும். முற்றத்திலிருந்து வடிகாலில் போகும். தெரு வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். குடிக்க ஒரு ஊருணி, குளிக்க ஒரு ஊருணி என்று பல ஊர்களில் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அந்தக் கரையில் ஆலும் அரசும் வேம்பும் நின்றன. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசினார்கள். இன்றைக்கு வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழாய் வந்ததும் ஊருணியைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வரத்துக்காலில் குப்பை, கரையில் சீமைக் கருவேல், படிக்கட்டில் பிளாஸ்டிக் பை. பல ஊர்களில் இன்றைய நிலைமை இதுதாங்க.

இப்போது நம் பெரியவர்கள் பக்கம் வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 100க்கு 10.4 பேர். 2021க்கு மதிப்பிட்ட கணக்கில் அது 13.6 ஆகிவிட்டது. இந்தியாவில் முதியவர்கள் பங்கு அதிகமாக உள்ள மாநிலங்களில் கேரளத்தை அடுத்து நாம்தான் இருக்கிறோம். நம் பகுதியில் நிலைமை எப்படி என்று சொல்லக் கணக்குப் புத்தகமே தேவையில்லை. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், பேரன் திருப்பூரில். வீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒரு நாய், ஒரு டெலிவிஷன் பெட்டி.

ஒரு கிராமத்தில் விதைப் பண்ணை பார்க்கப் போயிருந்தேன். 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வரப்பு வரைக்கும் கூட வந்தார். "தம்பி, நெலத்தைக் குத்தகைக்கு விட்டு மூணு வருசமாச்சு. நெலம் நல்லாத்தான் இருக்கு. என் காலுதான் போச்சு" என்றார். "வைத்தியர் என்ன சொன்னாரு ஐயா?" என்று கேட்டேன். "தெனம் அரை மணி நடக்கச் சொன்னாரு. எங்கிட்டு நடக்க? ரோட்டுல காரு பறக்குது. கம்மாக்கரையில முள்ளு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. மடை திறக்க, மாட்டைப் பிடித்துக் கட்ட, களை பார்க்க என்று ஒரு விவசாயி நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பவர். அவருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நிலத்தை விட்ட நாளோடு அந்த நடையும் நின்றுவிடுகிறது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின் என்று ஆனபிறகு நிலம் வைத்திருப்பவருக்கே நடை பாதியாகக் குறைந்துவிட்டது. சாப்பாடு மட்டும் உழுத காலத்துச் சாப்பாடாகவே இருக்கிறது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அங்கேதான் நுழைகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தினம் அரை மணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும். 65 வயதைத் தாண்டியவர்கள் இதோடு வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் தசைக்கு வலுவூட்டுகிற பயிற்சியும் செய்வது நல்லது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, இவ்வளவு போதும். எதற்கு என்றால், வயதானவர்களைப் படுக்கையில் தள்ளுவது நோய் மட்டும் அல்ல, விழுதலும்தான். ஈரப் படியில் ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிவு, அதோடு ஆறு மாதம் போய்விடும்.

சரி, நடப்பதற்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மொட்டை வெயிலில் யாரும் நடக்க மாட்டார்கள் என்பது முதல் சம்பந்தம். அதற்கு மேலேயும் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேருடைய பழைய குறிப்புகளை உல்ரிக் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேர் படுக்கைக்கு ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள் என்று 1984இல் எழுதினார். சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் பிறகு நடந்த பல ஆராய்ச்சிகளுக்கு வழி காட்டியது. ஜப்பானில் தோக்கியோ நகரத்தில் 3,144 முதியவர்களை ஐந்து வருசம் தொடர்ந்து கவனித்து 2002இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வீட்டுப் பக்கத்திலேயே நடந்து போகத் தோதாக மரம் நிறைந்த தெருவும் பூங்காவும் வாய்த்தவர்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தது. அதே ஜப்பானில் வனத்துறையே 1982இல் 'வனக் குளியல்' என்று ஒரு பெயர் கொடுத்து, காட்டுக்குள்ளே அவசரமில்லாமல் நடந்து வருவதை மக்களுக்குச் சிபாரிசு செய்தது. இன்றைக்கு அதற்காகவே வெளிநாட்டுக்காரர்கள் காசு செலவழித்து அங்கே போகிறார்கள். அதைத்தான் நலச் சுற்றுலா என்கிறார்கள்.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறதே, அதில் எத்தனை வயதானவர்கள் நடக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையில் சாலையோரப் புளியமரம் ஒன்றை வெட்டினால் அதன் அருமை நடக்கிறவனுக்குத்தான் தெரியும். தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வீதம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை, முழங்கால் வலிக்காரர் வீட்டு வாசலுக்கு வராது. அவருக்கு வேண்டியது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பாதை. கிராமத்தில் அதற்கு ஊருணிக் கரையை விட்டால் வேறு இடம் இல்லை.

ஆகவே கரையில் மரம் வைப்பது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன். இதில் ஆர்வக் கோளாறாகச் செய்து கெடுத்தவர்களும் உண்டு.

முதல் வேலை மரம் நடுவது அல்ல. வரத்துக்காலைத் திறப்பதுதான் முதல் வேலை. தண்ணீர் வராத ஊருணியில் எந்த மரத்தை வைத்தும் பிரயோசனம் இல்லை. ஊருணியும் வரத்துக்காலும் பெரும்பாலும் புறம்போக்குத்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் அளவைப் பார்த்து, கல் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் பக்கத்து நிலத்துக்காரரோடு மனஸ்தாபம் வரும். வாய்ச் சண்டைக்குப் போகாமல் காகிதத்தை வைத்துப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது சீமைக் கருவேல். அதை அரிவாளால் வெட்டிவிட்டு வந்தால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கிற சமயம் பார்த்து வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை அப்படியே போட்டு வைத்தாலும் மறுபடி முளைத்துவிடும். எடுத்த பருவத்திலேயே வேறு கன்றை வைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்று. கருவேலில் பறவைக் கூடு இருந்தால் குஞ்சு பறந்து போகிறவரை பொறுங்கள்.

என்ன மரம் வைப்பது? தண்ணீர் ஓரம் ஈரமாக இருக்கிற பக்கத்தில் மருதம், நாவல். மேட்டுப் பக்கத்தில் வேம்பு, புங்கன், இலுப்பை, பூவரசு. ஆலும் அரசும் இடம் இருந்தால் ஒவ்வொன்று போதும். அவற்றைக் கற்படிக்கும் கட்டுச் சுவருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பத்து வருசத்தில் வேர் கல்லைப் பெயர்த்துவிடும். தண்ணீரைப் பார்த்த உள்சரிவில் மரம் வேண்டாம், வெளிச்சரிவில் வையுங்கள். நடைபாதை ஓரம் தென்னை வேண்டவே வேண்டாம். நிழலும் கிடையாது, பெரியவர் தலையில் நெற்று விழுந்தால் யார் பதில் சொல்வது? சீக்கிரம் வளருகிறது என்று சிலர் கோனோகார்பஸ் வைக்கிறார்கள். அதுவும் வேண்டாம். தைல மரத்தை வரத்துக்கால் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. பனங்கொட்டையைக் கரை வெளியோரத்தில் ஊன்றலாம். நிழல் தராது என்றாலும் கரையைப் பிடித்து நிற்கும்.

நம் மண்ணில் இரண்டடிக்குக் கீழே செம்புரான் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். புத்தகத்தில் இரண்டடிக் குழி போதும் என்று இருக்கும். நம் பக்கத்துக்கு மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி எடுங்கள். கடப்பாரையால் அடி மண்ணை உடைத்து விடுங்கள். ஆடியில் குழி எடுத்து ஆறப் போட்டு, மேல்மண், மக்கிய எரு, கண்மாய் வண்டல் மூன்றையும் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நட வேண்டும். வண்டலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விவசாயிகள் கண்மாய் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியர் மட்டத்திலேயே வாங்கலாம். பெரிய மரங்களுக்கு 25 அடி, புங்கனுக்கும் பூவரசுக்கும் 15 அடி இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மரம் தேறாது.

நட்ட அன்றைக்குப் பத்திரிகைக்காரர் வருவார். அடுத்த சித்திரையில் தண்ணீர் ஊற்ற யார் வருவார் என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு கோடையைத் தாண்டினால் கன்று பிழைத்துவிடும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைப் புதைத்து, அடியில் சிறு துளையிட்டு, துளையில் துணித்திரி வைத்து, வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும். ஆட்டுக்கு முள்வேலி கட்டாயம். சீமைக் கருவேலை வெட்டினீர்களே, அந்த முள்ளே வேலிக்கு ஆகும். ஒரு தெருவுக்கு இத்தனை கன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாத்தாக்களுமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பாதைக்குப் பளபளப்பான தரைக்கல் பதிக்காதீர்கள். மழைக்கு வழுக்கும். நம் ஊர் சரளை மண்ணைக் கொட்டித் திமிசு போட்டாலே போதும். இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க ஐந்தடி அகலம் வேண்டும். நூறு தப்படிக்கு ஒரு கல் பெஞ்சு. முதுகு சாய இடமும், எழுந்திருக்கக் கை ஊன்றப் பிடியும் இருக்க வேண்டும். ஊருணிப் படியில் ஒரு இரும்புக் கைப்பிடி வைத்தால் அதற்கு ஆகிற செலவு ஒரு இடுப்பெலும்பு வைத்தியத்தில் சிறு துளி. விடியற்காலை இருட்டுக்கு ஒரு விளக்கு. பெண்கள் நடக்க வேண்டுமென்றால் ஒரு சுத்தமான கழிப்பறை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஆனால் எத்தனையோ தாய்மார்கள் வீட்டை விட்டு வெளியே வராததற்குக் காரணமே இதுதான்.

மருத மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மருதம்பட்டை இருதயத்துக்கு நல்லது என்று சித்த வைத்தியத்தில் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கோயில் மரத்தில், கரை மரத்தில் ஆளாளுக்குப் பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். சுற்றிலும் உரித்த மரம் பிழைக்காது. இருதயத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கஷாயம் போட்டுக் குடிக்கவும் கூடாது.

கரை வரைக்கும் போக முடியாதவர்களுக்கு வீட்டுக் கொல்லையிலேயே ஒரு வழி இருக்கிறது. குனியாமல் வேலை செய்கிற மாதிரி மேட்டுப் பாத்தி. செம்புரான் கல்லையோ செங்கல்லையோ அடுக்கி இரண்டடி உயரம், மூன்றடி அகலம், பத்தடி நீளம். மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். செம்மண், எரு, வண்டல் சம பங்கு. அரைக்கீரை, சிறுகீரை விதைத்தால் 25 நாளில் கிள்ளலாம். ஓரத்தில் நாலு கத்தரி, நாலு மிளகாய், ஒரு பந்தல் அவரை. பக்கத்தில் ஒரு நாற்காலி. தண்ணீர் ஊற்றுவதற்குக் குடம் வேண்டாம், சின்னப் பூவாளி போதும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்காதீர்கள், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அப்பத்தா இப்படிப் பாத்தி போட்டு, "மருமகளுக்குக் கீரை நான்தான் குடுக்குறேன்" என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த தெம்பு எந்த டானிக்கிலும் கிடைக்காது.

இனி விருந்தாளி விஷயம். பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் காரில் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், குன்றக்குடிக்கோ காரைக்குடிக்கோ போய்விடுகிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். சுற்றுப்பட்டு விவசாயிக்கு அதில் கிடைப்பது என்ன? கார் விட்ட புழுதிதான். இன்னொரு பக்கம், கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது. அந்த விடுதிகளில் தங்குகிறவர்கள் காலையில் எழுந்ததும் கேட்பது, "எங்கே நடக்கலாம்? என்ன பறவை பார்க்கலாம்?" என்றுதான். நாலு நாள் கண்ணுக்குப் பச்சையும் காதுக்கு அமைதியும் தேடி வருகிறவர்கள் அவர்கள். நம் பெரியவர்களுக்காகப் போட்ட பாதையில் அவர்களும் நடப்பார்கள். தனியாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற சாலைப் பக்கம், பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள். 1977இல் அதை வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 38 எக்டேர் சில்லறைதான் பரப்பு. ஆனால் மழைக்காலம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் நத்தைகொத்தி நாரையும் இராக்கொக்கும் உண்ணிக்கொக்கும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவை பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல காலமாக அப்படியே இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் உட்பட. சட்டம் வந்து அவர்களைக் கட்டிப் போடவில்லை, ஊராகச் சேர்ந்து வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது விவசாயிக்குத் தெரியாததா? செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் ஊரார் இதைத் தெரிந்துதான், 1798இலேயே அன்றைய கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் ஊர்க்காரர்கள் முதலில் தங்களுக்காகக் காப்பாற்றினார்கள். பார்க்க வருகிறவர்கள் பின்னால் வந்தார்கள். இந்த வரிசை மாறக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று கேட்டால், தண்ணீரைப் பாருங்கள். நமக்கு வருசத்தில் பெய்கிற மழையில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். அதைத் தேக்கி வைத்துத்தான் மீதி மாதங்களைத் தள்ள வேண்டும். சுற்றுலா வளரும் என்று ஊருணி ஓரத்து நிலத்தை விற்று, வாங்கினவர் ஆழ்குழாய் போட்டு நீச்சல் குளம் நிரப்பினால், உங்கள் கிணறு மாசியிலேயே வற்றும். வேலி போட்டுவிட்டால் அந்தப் பெரியவர் நடக்கிற பாதையும் போகும். விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் படிப்பு என்று அவரவருக்கு ஒரு நெருக்கடி இருக்கும். ஆனால் வரத்துக்காலை ஒட்டிய துண்டை விற்கிறபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். பாதைக்கும் நீருக்கும் உள்ள உரிமையைப் பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருமானம் எங்கிருந்து வரும்? பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். விடுதிச் சமையலறைக்கு நாட்டுக் காய்கறி, கீரை, நாட்டுக்கோழி முட்டை, செக்கு நிலக்கடலை எண்ணெய் வேண்டும். தினம் ஒரே அளவில், ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்குத்தான் அந்த வியாபாரம் நிற்கும். ஒருநாள் 20 கிலோ, மறுநாள் ஒன்றுமில்லை என்றால் அவர்கள் காரைக்குடிச் சந்தைக்குப் போய்விடுவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தில் நுங்கு, பதநீர். பனை ஓலையில் பின்னுகிற செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வயதான தாய்மார்கள் மர நிழலில் உட்கார்ந்து பின்ன, வருகிறவர் அங்கேயே வாங்கிப் போகலாம். நலச் சுற்றுலா என்ற பேரில் யாராவது வந்து, உங்கள் ஊர்த் தண்ணீரும் காற்றும் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பலகை வைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நிழல் இருக்கிறது, பாதை இருக்கிறது, நல்ல சாப்பாடு இருக்கிறது என்று சொன்னால் அது உண்மை. அதற்கு மேல் சொன்னால் ஊர் பேர் கெட்டுவிடும்.

குன்றக்குடியில் அடிகளார் முன்னின்று, காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் துணையோடு, ஊரே உட்கார்ந்து தன் திட்டத்தைத் தானே போட்டுக்கொண்ட முறை வெளியூர்க்காரர்களும் வந்து பார்த்துப் படித்த ஒன்று. பிள்ளையார்பட்டிக்கு அது கூப்பிடு தூரம். இதற்கும் அந்த வழிதான் சரி. யார் வீட்டில் எத்தனை பெரியவர்கள், யாருக்குக் கண் தெரியவில்லை, யார் தடி ஊன்றி நடக்கிறார் என்று முதலில் எழுதுங்கள். அவர்களையே கூப்பிட்டு, பெஞ்சு எங்கே வேண்டும் என்று கேளுங்கள். நாம் நினைக்கிற இடம் ஒன்றாக இருக்கும், அவர்கள் காட்டுகிற இடம் வேறாக இருக்கும். ஒரு ஊரில் எல்லாரும் கோயில் பக்கம் என்று நினைத்திருக்க, பெரியவர்கள் பஸ் நிற்கிற இடம் தெரிகிற மூலையைக் காட்டினார்கள். பிள்ளைகள் வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

கிராம சபை வருசத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம். அன்றைக்கு வரத்துக்கால் விஷயத்தை எழுப்புங்கள். மே 1 சபையில் கரைக்கும் பாதைக்கும் தீர்மானம். ஆடியில் குழி. ஆகஸ்ட் 15 சபையில் எந்தத் தெருவுக்கு எத்தனை கன்று என்று பிரித்து எழுதிக்கொண்டால், புரட்டாசி கடைசியில் மழை பார்த்து நடலாம். உங்கள் சொந்த வரப்பில் வைக்கக் கன்று வேண்டுமானால் உழவன் செயலியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும், செட்டிநாடு மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்கலாம். வரும்போது குழியிலிருந்து எடுத்த மண்ணில் ஒரு படி, மூன்றடி ஆழத்திலிருந்து எடுத்ததாக, ஒரு பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். மேல்மண்ணை மட்டும் கொண்டுவந்தால் சரியான பதில் சொல்ல முடியாது.